எல்க் வேட்டைக்கு எத்தனை கிரெயின் குண்டு?

கடையத்தில் பிறந்து இப்போது டென்வரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வரும் செப்டம்பரில், கொலராடோ மாநிலத்தின் மசில்லோடர் பருவத்தில், அதாவது மருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியாக இட்டுச் சுடும் துப்பாக்கிக்கான பருவத்தில், எல்க் என்னும் பெரிய மான் இனத்தில் பெண் ஒன்றை வேட்டையாட அவருக்குக் குலுக்கலில் உரிமம் கிடைத்திருக்கிறது. நண்பரிடமிருந்து வாங்கிய துப்பாக்கியின் குழலில் 50 காலிபர் (துளையின் விட்டம் அரை அங்குலம்) என்றும், புரி (குழலுக்குள் திருகாக ஓடும் பள்ளம்) 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றும் பொறித்திருக்கிறது. கடைக்குப் போனால் 177 கிரெயின் எடையுள்ள உருண்டைக் குண்டில் தொடங்கி 250, 300, 385, அதற்கும் மேல் என்று பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை எடுப்பது, கனம் கூடினால் வேகம் குறையுமே, பெரிய விலங்குக்கு வேகம் முக்கியமா கனம் முக்கியமா என்று கேட்கிறார்.

என் ஊர் அம்பாசமுத்திரம். பிழைப்புக்காகப் போய்ப் பதினெட்டு ஆண்டுகள் கொலராடோவில் இருந்தேன். அவற்றில் ஆறு பருவங்கள் இதே வேட்டைக்குச் சென்றிருக்கிறேன். இங்கே படிப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே இருப்பதோ 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். பயிர்க் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் விவசாயிக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஆகவே கீழே எழுதியிருப்பது முழுவதும், வேட்டை முறைப்படி அனுமதிக்கப்பட்ட ஊரில், உரிமச் சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கானது.

தம்பிக்கு என் பதில்: குழலின் முழு விட்டத்துக்கு வார்த்த, மெத்தென்ற ஈயத்தாலான கூம்புக் குண்டை எடுங்கள்; எடை 300க்கும் 385க்கும் இடையில் இருக்கட்டும்; அந்த இடைவெளியில் எது என்பதை உங்கள் குழலே சொல்லும். விலங்கு எவ்வளவு பெரியது என்ற கேள்வி இரண்டாவதுதான். முதல் கேள்வி, இந்தக் குழல் எந்தக் குண்டை நேராக அனுப்பும் என்பது. குண்டின் வேகத்தை மட்டும் நம்பி நானே ஒரு பாவத்தைச் செய்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அளவுகளில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கிரெயின் என்பதும் கிராம் என்பதும் நம் காதில் ஒன்றுபோல விழுந்தாலும், ஒரு கிராமில் ஏறத்தாழ பதினைந்தரை கிரெயின் இருக்கிறது. நம் பொற்கொல்லர்கள் புழங்கிய குன்றிமணியில் ஏறக்குறைய பாதிதான் ஒரு கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். கருமருந்தையும் கிரெயினில்தான் சொல்வார்கள் என்றாலும், அதை அளப்பது தராசில் அன்று, குறிபோட்ட சிறு குழாயில், கொள்ளளவாக. குண்டு 300 என்பதும் மருந்து 90 என்பதும் ஒரே கணக்கு அல்ல என்பதை மறக்காதீர்கள்.

என் தாத்தாவிடம் பயிர்க் காவலுக்கு ஓர் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. அதை அவர் பன்னிரண்டாம் போர் என்பார்; போர் (bore) என்றால் குழலின் துளை. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பிரித்துப் பன்னிரண்டு உருண்டைகள் வார்த்தால், அவற்றில் ஒன்று அந்தக் குழலுக்குப் பொருந்தும் என்பதே அந்தப் பெயரின் பொருள். அதன்படி ஓர் உருண்டை 583 கிரெயின், அதாவது 38 கிராம் அளவு. குழலுக்குப் பெயரிடும்போதே குண்டின் எடையையும் சொல்லிவிடும் இந்தப் பழைய வழக்கத்தில் ஓர் உண்மை இருக்கிறது. உருண்டைக் குண்டைப் பொறுத்தவரை எடையைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. விட்டத்தைத் தேர்ந்தெடுத்த உடனே எடையும் முடிவாகிவிடுகிறது. 45 காலிபருக்கு 128 கிரெயின், 50க்கு 177, 54க்கு 224, 58க்கு 280 என்று அது ஏறும். விட்டம் கொஞ்சம் கூடினாலும் எடை மும்மடிக் கணக்கில் கூடுவதே இதற்குக் காரணம். 50இலிருந்து 54க்குப் போகும்போது உருண்டையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர்தான் கூடுகிறது. எடையோ கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. உருண்டைக் குண்டிலேயே எல்க் வேட்டையாட விரும்பும் அனுபவசாலிகள் 54, 58 குழல்களைத் தேடிப் போவது இதனால்தான்.

50 காலிபர் உருண்டை மானுக்குப் போதும்; எல்குக்கு அது எல்லையில் நிற்கிறது. 90 கிரெயின் கருமருந்துடன் 177 கிரெயின் உருண்டை, குழல் வாயில் விநாடிக்கு ஏறக்குறைய 1,900 அடி வேகத்தில் கிளம்பும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உருண்டை வடிவத்தைக் காற்று கடுமையாகத் தடுக்கும். 100 கஜம் போவதற்குள் வேகம் 1,100 அடி அளவுக்கு இறங்கிவிடும். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது ஆகையால், கிளம்பும்போது இருந்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் விலங்கைச் சென்று சேர்கிறது. அதே மருந்தில் 385 கிரெயின் கூம்புக் குண்டு 1,400 அடிக்கு அருகில் மெதுவாகத்தான் கிளம்பும். ஆனால் 100 கஜத்தில் 1,150 அடி வேகம் மிஞ்சியிருக்கும், ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே சென்று சேரும். வாசலில் பின்தங்கியிருந்த குண்டு, போய்ச் சேரும் இடத்தில் உருண்டையை விட வேகமாகவே இருக்கிறது. வேகமா கனமா என்ற தம்பியின் கேள்விக்கு இதுவே விடை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேகம் குழல் வாயில் உள்ள வேகம்; விலங்கு நிற்பதோ எண்பது கஜத்துக்கு அப்பால். காற்று பறித்துக்கொள்ளாத கனத்தைத்தான் நாம் நம்பவேண்டும்.

நான் முன்பு சொன்ன பாவம் இந்த இடத்தில் வருகிறது. என் முதல் பருவத்தில், கடையில் சொன்ன வேகத்தை நம்பி, 50 காலிபர் உருண்டைக் குண்டுடன் மலையேறினேன். மாலை வெளிச்சத்தில் ஒரு பெண் எல்க் நின்றது. தொலைவை எண்பது கஜம் என்று மதிப்பிட்டுச் சுட்டேன். மறுநாள் நாடா வைத்து அளந்தபோது அது நூற்றுப் பதினைந்து கஜம். குண்டு சற்று முன்னே தோள் எலும்பில் பட்டிருக்கவேண்டும். இரத்தத் தடம் இருநூறு அடி தூரம் சென்று, பிறகு நின்றுபோனது. இரவு பத்து மணி வரையிலும், மறுநாள் முழுவதும் தேடியும் அந்த விலங்கு கிடைக்கவில்லை. அது பிழைத்ததா, எங்காவது விழுந்து வீணானதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தொலைவை நான் சரியாகக் கணித்திருந்தால் சுட்டிருக்கவே மாட்டேன். ஆனாலும், எலும்பைத் தாண்டி உள்ளே செல்லக்கூடிய கனம் அந்தக் குண்டில் இருந்திருந்தால், என் தவறுக்கு அந்த உயிர் அப்படி அலைந்திருக்காது. தாத்தா சொல்லுவார், "எலேய், கிட்ட வரட்டும். தூரத்துல நிக்கது நமக்குள்ளது இல்ல." அவர் சொன்னது நெல் வயலில் இறங்கும் பன்றியைப் பற்றி, அது 1972க்கு முந்தைய காலம். எனக்கு அந்தச் சொல் கொலராடோ மலையில்தான் விளங்கியது.

எல்க்கைக் கண்ணால் பார்க்காதவர்கள் நம் மிளாவை, அதாவது கடமானை, நினைத்துக்கொண்டால் போதும். நன்றாக வளர்ந்த ஆண் மிளா 250 கிலோவைத் தாண்டும். பெண் எல்க் ஏறக்குறைய அந்தக் கனத்தை ஒட்டியது. ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேலே போகும். அமெரிக்காவின் சாதாரண மான் இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். எடையைவிடக் கவனிக்கவேண்டியது, குண்டு கடக்கவேண்டிய சதையின் ஆழமும் எலும்பின் பருமனும். நெஞ்சுக் கூட்டின் இரண்டு பக்கத்தையும் துளைத்து வெளியேறும் குண்டுதான் விலங்கை விரைவாக வீழ்த்தும், தெளிவான தடத்தையும் விடும். ஈயம் உள்ளே போகப் போக விரிகிறது. விரிய விரியத் தடை கூடுகிறது. அந்தத் தடையை மீறித் தள்ளுவதற்குப் பின்னால் கனம் இருக்கவேண்டும். இதை அளக்க ஒரு கணக்கு உண்டு. குண்டின் எடையைப் பவுண்டில் எழுதி, அங்குலத்தில் உள்ள விட்டத்தின் இருமடியால் வகுத்தால் வருவது குறுக்குவெட்டுச் செறிவு. 50 காலிபர் உருண்டைக்கு அது 0.105. அதே குழலுக்கான 385 கிரெயின் கூம்புக் குண்டுக்கு 0.22. ஒரே அகலத் துளையைத் துளைக்கும் இரண்டு குண்டுகளில், ஒன்றின் பின்னால் இரண்டு மடங்கு ஈயம் நிற்கிறது.

அப்படியானால் 400, 450 என்று போய்க்கொண்டே இருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் குழல் குறுக்கே வருகிறது. குழலுக்குள் திருகாணிபோல ஓடும் புரி, குண்டைப் பம்பரம்போலச் சுழற்றி அனுப்புகிறது; சுழற்சி போதாவிட்டால் குண்டு வழியில் தலைகுப்புறப் புரளும். எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதைக் குண்டின் எடை தீர்மானிப்பதில்லை, நீளம் தீர்மானிக்கிறது. ஆல்பிரெட் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1879இல் இதற்கு ஓர் எளிய விதியைக் கொடுத்தார். குண்டின் நீளம் விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த எண்ணால் 150ஐ வகுத்து, வருவதை விட்டத்தால் பெருக்கினால், ஒரு முழுச் சுற்றுக்கு வேண்டிய குழல் நீளம் கிடைக்கும். அரை அங்குல விட்டமும் ஓர் அங்குல நீளமும் உள்ள குண்டுக்கு மடங்கு இரண்டு. 150ஐ இரண்டால் வகுத்தால் 75. அதை அரையால் பெருக்கினால் 37.5 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டின் நீளம் 0.8 அங்குலம் என்றால் 47 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். 1.3 அங்குலம் என்றால் 29 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் உள்ள துப்பாக்கிகளைப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஏன் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பது விளங்கிவிடும். உருண்டைக் குண்டுக்கென்றே செய்த பழைய பாணித் துப்பாக்கியில் புரி 60 முதல் 70 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீண்ட குண்டுக்குச் செய்த இன்றைய இன்லைன் (மருந்துக்கு நேர் பின்னாலிருந்து பற்றவைக்கும்) துப்பாக்கியில் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. தம்பியிடம் இருக்கும் 48 இரண்டுக்கும் நடுவில் நிற்பது. உருண்டையையும் சமாளிக்கும், குட்டையான கூம்புக் குண்டையும் சமாளிக்கும் என்று கருதி அப்படிச் செய்தார்கள். 300 கிரெயினை ஒட்டிய குட்டைக் குண்டு அந்தப் புரிக்கு இயல்பாகப் பொருந்தும். 385 கிரெயின் குண்டு ஏறக்குறைய ஓர் அங்குலம் வரும் என்பதால், கணக்குப்படி அந்தப் புரியின் எல்லையைத் தாண்டுகிறது. ஆனாலும் கிரீன்ஹில் விதி பத்திரத்தின் பக்கம் சாய்ந்த விதி ஆகையால், பல 48 அங்குலக் குழல்கள் அதையும் ஒழுங்காக அனுப்புகின்றன. உங்கள் குழல் அந்த வகையா இல்லையா என்பதைச் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். 400ஐத் தாண்டிய நீளக் குண்டுகளின் பக்கம் இந்தக் குழலை வைத்துக்கொண்டு போகவேண்டாம்.

நீளக் குண்டை வாய் வழியாக எப்படி எளிதாக இறக்குவது, இறக்கிய பிறகு அது புரியை எப்படிப் பற்றிக்கொள்ளும் என்ற சிக்கலைத் தீர்த்தவர் பிரான்சைச் சேர்ந்த மினியே, அது 1849. அடியில் குழிவு வைத்து, குழலைவிடச் சற்றுச் சிறியதாகக் குண்டை வார்த்தார். மருந்து வெடிக்கும்போது குழிவு விரிந்து, ஈயம் புரிக்குள் இறுகிக்கொள்ளும். 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு துப்பாக்கி இந்த முறையில் அமைந்ததுதான். அதன் காலிபர் 0.577 அங்குலம், குண்டு 530 கிரெயின், புரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 39 அங்குலக் குழலுக்குள் குண்டு அரைச் சுற்றுத்தான் சுழலும். அவ்வளவு மந்தமான புரி அவ்வளவு கனமான குண்டுக்குப் போதுமாக இருந்ததற்குக் காரணம், விட்டத்தோடு ஒப்பிட்டால் அந்தக் குண்டு குட்டையானது என்பதே. பாஞ்சாலங்குறிச்சிப் போர்க் காலத்தில், 1799இல், கம்பெனிப் படையின் கையில் இருந்தவை புரியே இல்லாத வழுவழுப்பான குழல்கள். ஓர் அவுன்ஸை ஒட்டிய உருண்டையைத் தளர்வாக இறக்கிச் சுட்டார்கள். எதிரே திரண்டு நிற்கும் கூட்டத்தை நோக்கிச் சுட அது போதும், ஒரு விலங்கின் நெஞ்சைக் குறிவைக்க உதவாது. ஐம்பது ஆண்டுகளில் நடந்த மாற்றம் குண்டின் எடையில் இல்லை, குண்டும் குழலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட விதத்தில்தான் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இனிச் சட்டம். கொலராடோவில் எல்க், அதைவிடப் பெரிய மானான மூஸ் இரண்டுக்கும் குழல் 50 காலிபருக்குக் குறையக்கூடாது. 50 வரையுள்ள குழலில் குண்டு 170 கிரெயினுக்குக் குறையக்கூடாது. அதைத் தாண்டிய குழலில் 210. மசில்லோடர் பருவத்தில், சிறிய குண்டைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் பொதிந்து இறக்கும் சேபோ முறைக்கு அங்கே இடமில்லை. வில்லைகளாக அமுக்கிய மருந்துக்கும் இடமில்லை. உரிமத்தோடு அந்த ஆண்டுக்கான கையேட்டை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். கடையில் இருக்கும் 250 கிரெயின் பெட்டிகளில் பெரும்பாலானவை சேபோ குண்டுகளாக இருக்கும் என்பதால், உங்கள் கேள்வியில் பாதி இங்கேயே கழிந்துவிடுகிறது.

சேபோவை அனுமதிக்கும் மாநிலங்களில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 50 காலிபர் குழலில் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் இறங்குவது 45 காலிபர் குண்டு. விட்டம் குறைவதால், 300 கிரெயினிலேயே 385 கிரெயின் முழுவிட்டக் குண்டின் செறிவுக்கு அருகில் வந்துவிடும். மானுக்கு 250 போதும், எல்குக்கு 300 வேண்டும் என்று அவர்கள் சொல்வதன் அடிப்படை இதுதான். கைத்துப்பாக்கிக்காகச் செய்த மெல்லிய உறைக் குண்டுகளை மட்டும் அதிக மருந்தில் போடாதீர்கள். அருகில் நிற்கும் விலங்கின் தோளிலேயே அவை சிதறிவிடும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, அங்கே செம்புதான். செம்பு ஈயத்தைவிட இலேசு ஆதலால் அதே எடைக்கு நீளம் கூடும், வேகமான புரி வேண்டும்.

கனமான குண்டுக்கு ஒரு விலை உண்டு, அது தோளில் விழும் உதை. 385 கிரெயினை 90 கிரெயின் மருந்துடன் சுட்டால் நன்றாகவே உதைக்கும். வேகத்தை மீட்கலாம் என்று மருந்தை 120க்கு ஏற்றினால், கூடும் வேகம் சொற்பம், கூடும் உதை அதிகம். உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்பவருக்கு எந்தக் கனமும் உதவாது. 385 உங்களுக்கு அப்படி இருந்தால், கூச்சமின்றி 300க்கு இறங்குங்கள்; நெஞ்சில் சரியாக வைத்த 300, வயிற்றில் பட்ட 385ஐவிடப் பல மடங்கு மேல். கனமான குண்டின் பாதை வளைவானது என்பதையும் மனத்தில் வையுங்கள். 100 கஜத்துக்குப் பார்வை சரிசெய்த துப்பாக்கியில், 150 கஜத்தில் குண்டு ஒரு சாண் அளவு கீழே இறங்கிவிடும். கொலராடோவில் தொலைநோக்கி பொருத்தவும் அனுமதி கிடையாது, வெறும் குறிமுள்தான். அதனால் என் எல்லை 100 கஜம். உங்களுக்கு முதல் ஆண்டில் 75 போதும்.

ஆகஸ்டு மாதத்துக்குள் 300, 350, 385 மூன்றிலும் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். மருந்தை 80 கிரெயினில் தொடங்குங்கள். துப்பாக்கியை உற்பத்தி செய்தவர் குறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். புகையற்ற மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் இந்தக் குழலில் இடாதீர்கள், குழல் பிளந்துவிடும். முதலில் 25 கஜம், பிறகு 50, பிறகு 75. ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் ஈரத் துணியால் குழலைத் துடைத்துவிட்டு ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். 75 கஜத்தில் ஐந்தும் உங்கள் உள்ளங்கைக்குள் விழும் எடைதான் உங்களுடையது. காகிதத்தில் விழுந்த துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால், குண்டு புரள்கிறது என்று பொருள். அந்த எடையை அன்றே ஒதுக்கிவிடுங்கள். இரண்டு எடைகள் சமமாக வந்தால், கனமானதை எடுங்கள். மலையில் நீங்கள் சுடப்போவது துடைத்த குழலிலிருந்து கிளம்பும் முதல் குண்டு ஆகையால், ஒவ்வொரு பயிற்சி நாளிலும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதைத் தனியாகக் குறித்து வாருங்கள்.

முழுவிட்டக் கூம்புக் குண்டுக்கென்று ஓர் ஆபத்து இருக்கிறது. துணி சுற்றிய உருண்டை குழலுக்குள் இறுக்கமாக உட்காரும். கூம்புக் குண்டு அப்படியில்லை. துப்பாக்கியை வாய் கீழாகத் தோளில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நடந்தால், அது மருந்தை விட்டு மெல்ல முன்னே நழுவக்கூடும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருக்கும்போது சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். ஆகையால் பயிற்சியின்போதே, குண்டு மருந்தின் மேல் சரியாக உட்கார்ந்த நிலையில், இடிக்கும் கம்பி குழல் வாயைத் தொடும் இடத்தில் கத்தியால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மலையில் ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழும்போதும், கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) மாட்டாத துப்பாக்கியில் கம்பியை இறக்கி அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு வாய்க்கு மேலே தெரிந்தால் குண்டு நகர்ந்திருக்கிறது. திரும்ப அழுத்தி உட்கார வைத்து, கம்பியை வெளியே எடுத்த பிறகே கேப்பை மாட்டுங்கள்.